பெர்ரி துரையின் எச்சில்

1

எனக்கு இங்கே பெயர் பெர்ரி. நானாக வைத்துக்கொண்டதல்ல. தலைமன்னார் துறையில் இறங்கியபோது ஒரு குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே பெயர் கேட்டான். பெரியகருப்பன் என்றேன். 'பெரி' என்று இங்கிலீஷில் எழுதினவன், அதற்கு மேல் எழுதச் சோம்பல்பட்டு ஒரு புள்ளி வைத்து நிறுத்திவிட்டான். கொழும்பில் தேயிலைக் கம்பெனி குமாஸ்தா அதற்கு இன்னொரு எழுத்தைச் சேர்த்துப் பறங்கியர் பெயராகவே ஆக்கிவிட்டான். பறங்கியர் என்றால் இங்கே பாதி வெள்ளைக்காரர்கள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் அந்தக் குமாஸ்தாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

சண்டைக் காலத்தில் அரிசிக் கூப்பன் வாங்கப் போனேன். வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற நீ எப்படி பெர்ரி என்றார்கள். பெரியகருப்பன் என்று சொன்னால், அந்தப் பெயரில் ஆளே பதிவாகவில்லை, அடுத்த ஜன்னலுக்குப் போ என்றார்கள். நான்தான் நான் என்று சாட்சி வைக்க நடையாய் நடந்தேன். கடைசியில் என் கம்பெனி ஸ்டோர் மேனேஜர் வந்து, இவன்தான் பெர்ரி என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு அரிசி வந்தது, என் பெயர் போனது.

என் மகளுக்கு இதில் வருத்தமே இல்லை. வீட்டில் ராசாத்தி, பள்ளிக்கூடத்தில் ரோஸ் பெர்ரி. கொட்டாஞ்சேனைத் தெருவில் சிங்களமும் இங்கிலீஷும் யாழ்ப்பாணத் தமிழும் கலந்து பேசி வளர்ந்த பெண். நான் டீ என்றால் அவள் தேத்தண்ணி என்பாள். 'வாரேன்' என்று நான் சொல்லும்போதெல்லாம் தோழிகளுக்கு முன்னால் வெட்கப்படுவாள். போகட்டும், இந்த ஊரில் பிறந்த பிள்ளை.

போன வாரம் கம்பெனியின் விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு இளவட்டம் ஸ்டோருக்கு வந்தான். கையில் ஒரு பழைய போட்டோ. யுத்தத்தில் நின்றுபோன மதுரை–கொழும்பு ஹாக்கிப் பந்தயத்தைக் கம்பெனி மறுபடி நடத்தப் போகிறதாம். இந்தப் படத்தைக் காலண்டராக அச்சடித்து மதுரை ஜில்லா முழுக்க டீக்கடைகளில் தொங்கவிடப் போகிறார்களாம். இதில் நிற்பது நீங்கள்தானே மிஸ்டர் பெர்ரி என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போனான்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராசாத்தி உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஆள் எதில் வாயை வைத்திருக்கிறார் என்று கேட்டாள். வெள்ளிக் கோப்பையம்மா, அதில் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் டீ குடிப்போம் என்றேன். இந்த ஊர்த் தமிழில் கோப்பை என்றால் சோறு தின்கிற தட்டு. அவளுக்குக் கண் விரிந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே கோப்பையிலயா சாப்பிட்டனீங்கள்? உங்கட ஊரில அவ்வளவு ஒற்றுமையோ அப்பா?"

என் பெண்டாட்டி செல்லம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே வயிறு எரிந்தது. அந்த ஒற்றுமையைத்தான் இப்போது எழுதப் போகிறேன். மதுரையில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். முக்கியமாக ஒருவர் படிக்க வேண்டும்.

2

வில்லாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க்கரைக்குக் கீழே எங்கள் சேரி. அப்பன் செத்தபின் ஆத்தா காத்தாயி களை எடுத்து, நாற்று நட்டு என்னை வளர்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அங்கே கற்றதில் இன்றுவரை மறக்காதது ஹாக்கி ஒன்றுதான். பிறகு பஞ்சாலையில் வேலை, ஆலை டீமில் ஆட்டம். பந்து என் மட்டையில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, நான் நன்றாக ஆடினேன்.

மதுரை லெவனுக்கு அப்போது கேப்டன் தர்மராசு. சோழவந்தான் பக்கமும் எங்கள் கண்மாய்க்குக் கீழும் நஞ்சையும் தோப்பும் உள்ள வீடு, வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்தார். கோல் அடிக்க ஆள் வேண்டும் என்று அவரே என்னைச் சேர்த்துக்கொண்டார். மைதானத்தில் தீட்டு இல்லை. நான் தள்ளிவிட்ட பந்தை எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள். மைதானத்துக்கு வெளியே நான் பத்தடி தள்ளி நடப்பேன். அப்போது எனக்கே அது இயல்பாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழும்புத் தேயிலைக் கம்பெனி மதுரையில் கடை விரித்தது. நீராகாரம் குடிக்கிற சனத்துக்கு டீ பழக்க வேண்டும். அதற்கு ஒரு வழியாகக் கொழும்பு லெவனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மதுரை லெவனோடு மோதவிட்டார்கள். வெள்ளிக் கோப்பை, புதுச் சட்டை, புது மட்டை, மைதானத்தைச் சுற்றிக் கம்பெனி பெயர் போட்ட தட்டி எல்லாம் அவர்கள் செலவு. பார்க்க வந்தவனுக்கெல்லாம் ஓசி டீ. வைகைக்கு வடக்கே அப்படி ஒரு கூட்டம் சித்திரைத் திருவிழாவுக்குத்தான் கூடும்.

கடைசி நிமிஷத்தில் நான் கோல் அடித்தேன். மதுரை ஜெயித்தது.

பிறகுதான் வேடிக்கை. கம்பெனித் துரை கோப்பை நிறைய டீயை ஊற்றச் சொன்னான். அவன் நாட்டில் ஜெயித்தவர்கள் எல்லாரும் ஒரே கோப்பையில் வாய் வைத்துக் குடிப்பார்களாம், அதுதான் சிநேகத்துக்கு அடையாளமாம். அதைப் போட்டோ எடுத்து டீப் பொட்டலத்தில் போட வேண்டுமாம். இதைத் தமிழில் சொன்னதும் மதுரை லெவன் முகத்தில் ஈயாடவில்லை. நம் ஊரில் தாய் குடித்த டம்ளரையே கழுவிவிட்டுத்தான் பிள்ளை குடிக்கும். பதினோரு ஜாதி எச்சிலைப் பாத்திரத்தோடு நீட்டினால் என்ன செய்வார்கள்?

தர்மராசு முதலில் கோப்பையைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். செம்பு என்றால் பழக்கம் உண்டு. இது அகன்ற வாயும் இரண்டு காதும் உள்ள அண்டா மாதிரி சாமான். டீ மூக்கிலும் கழுத்திலும் இறங்கிப் புதுச் சட்டையெல்லாம் செம்மண் நிறம். அடுத்தவனுக்கும் அதே கதி. இவர்கள் ஏன் முகம் கழுவுகிறார்கள் என்று துரை கேட்டான். போட்டோக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். வாய் வைத்தால்தான் படம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

உடனே ஓரமாகக் கூடி ஏற்பாடு செய்தார்கள். ஐயர் வீட்டு கோல்கீப்பர் முதல் வாய், பிறகு பிள்ளைமார், பிறகு இன்னார் இன்னார் என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை. அதையும் நம்பாத கோல்கீப்பருக்குத் திடீரென்று ஏகாதசி வந்துவிட்டது. உதட்டை விளிம்பில் வைத்தான், குடிக்கவில்லை. வரிசையில் நான் கடைசி. எனக்குப் பின்னால் யாரும் இல்லையே, பாதகமில்லை என்று நான் நினைத்தேன். அப்படியும் நடக்கவில்லை. கோப்பைக்கு அடுத்த வருஷமும் வேலை இருக்கிறதல்லவா?

"கருப்பா, நீ போயி கோல் வலையக் கழட்டுடா. வெளிச்சம் போகுது," என்றார் தர்மராசு.

நான் அடித்த பந்து போய் விழுந்த வலையை நானே அவிழ்த்தேன். முதுகுக்குப் பின்னால் போட்டோக்காரன் விளக்கு பளிச்சென்றது. பதினோராவது ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டார்களாம். பிறகு கூடாரத்துக்குப் பின்னால் சிரட்டையில் எனக்கு டீ வந்தது. வீராப்பாகக் கொட்டிவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். தாகமாயிருந்தது, குடித்தேன். அன்றைய தாகத்தை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

3

அடுத்த வருஷம் கம்பெனி முன்கூட்டியே சொல்லி அனுப்பியது: போன தடவை மாதிரி ஆள் குறையக்கூடாது, படத்தில் பதினோரு தலை இருந்தே ஆக வேண்டும். அதற்குத் தர்மராசு கண்டுபிடித்த வழி சுலபமானது. என்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார். காரணம் கேட்டு அவர் வீட்டுத் தொழுவத்துக்கு வெளியே நின்றேன். அவர் கோபப்படவில்லை, அன்பாகத்தான் பேசினார். ஒன் ஆட்டத்துல குத்தமில்லடா, கோப்பையிலதான் சிக்கல் என்றார்.

எனக்கு அந்த ஆட்டம் ஒன்றுதான் இருந்தது. பஞ்சாலையில் நான் கூலி, சேரியில் காத்தாயி மகன், மைதானத்தில் மட்டும் நான் ஒரு ஆள். அதை ஒரு டீக் கோப்பைக்காகப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்று இரவே ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினேன்.

இலங்கைக்குப் போகிற கூலிகளைத் தடுத்து வைக்கிற மண்டபம் முகாமில் எங்களை அடைத்து வைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, கையில் ஊசி குத்தினார்கள். முதல் வகுப்பில் போகிறவனுக்கு அம்மை வராது என்று அரசாங்கத்துக்கு நம்பிக்கை. அவர்கள் நேரே கப்பலுக்குப் போனார்கள். நான் கொழும்பில் இறங்கி நேராக அதே தேயிலைக் கம்பெனியின் ஸ்டோருக்குப் போய் வேலை கேட்டேன். தற்செயல் என்று நினைத்தால் அது தப்பு. எதில் விழுந்தேனோ அதில்தான் எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

பகலில் பெட்டி தூக்கினேன், சாயங்காலம் கம்பெனி டீமில் ஆடினேன். இங்கேயும் ஏற்றத்தாழ்வு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பறங்கியரும் மலாய்க்காரரும் சிங்களவரும் ஒரே பீர் குவளையைக் கைமாற்றிக் குடித்தார்கள். முதல்முறை என் கைக்கு வந்தபோது நான் பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றிச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷமில்லை.

சில வருஷத்தில் கொழும்பு லெவனுக்கு நானே கேப்டன் ஆனேன். அந்த வருஷம் பந்தயம் மதுரையில். கம்பெனி புதிதாக ஒரு சடங்கையும் சேர்த்திருந்தது. ஜெயித்த கேப்டன் முதலில் குடித்துவிட்டு, தோற்ற கேப்டனிடம் கோப்பையைக் கொடுக்க வேண்டும். அவன் அதே கோப்பையில் குடிக்க வேண்டும். இரண்டு தேசத்துச் சிநேகமாம். மதுரை லெவன் அதற்குச் சம்மதித்துவிட்டது என்று கேட்டு எனக்கு ஆச்சரியம். பிறகு புரிந்தது, கொழும்பிலிருந்து போன ஆட்டக்காரர் ஜாபிதாவில் கேப்டன் மிஸ்டர் பெர்ரி என்று இருந்தது. பறங்கித் துரையின் எச்சில் தர்மராசுக்கு அமிர்தம்.

4

இன்னும் மதுரைக் கேப்டனாகவே இருந்த தர்மராசு மதுரை ஜங்ஷனில் மாலையோடு வந்து நின்றார். நான் கம்பெனிக் கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பெர்ரி யார் என்று தேடினார். நான் கையை நீட்டினேன். முகத்திலிருந்த ரத்தம் வடிந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன். மாலையை என் பக்கத்தில் நின்ற பறங்கி கோல்கீப்பர் கழுத்தில் போட்டுவிட்டு, வெற்றிலை போடுவதுபோல் திரும்பிக்கொண்டார். அத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு இரண்டு நாள் பெரிதல்ல.

அன்று சாயங்காலம் ஆத்தாளைப் பார்க்கப் போனேன். என் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அவுகளோட மோதாதய்யா, நீ நாளைக்கிக் கப்பலேறிருவ, நாங்க இங்கனதான கெடக்கணும் என்றாள். சரி என்று தலையாட்டினேன். கேட்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு கோலில் சமமாயிருந்தது. எனக்குப் பந்து வந்தது. தர்மராசு நேரே எதிரில் வந்தார், அவரைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தது. நான் சுற்றவில்லை. அவர் கால்களுக்கு நடுவில் பந்தைவிட்டு எடுத்துக்கொண்டுபோய் அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருச் சனம் நின்றிருந்தது. அங்கேயிருந்து வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேசைக்குக் கூப்பிட்டார்கள். துரை, கலெக்டர் ஆபீஸ் பெரியவர்கள், போட்டோக்காரன் எல்லாரும் இருந்தார்கள். கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். நான் நிதானமாகக் குடித்தேன். ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஒரு வாய். இப்படியே விளிம்பை முழுக்கச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் அங்கே என் எச்சில் இருக்க வேண்டும். மோவாயில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இவ்வளவு ஆசையாகக் குடிக்கிறானே என்று துரை கைதட்டினான்.

பிறகு தர்மராசிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். விளிம்பில் ஈரமில்லாத இடம் தேடினார்.

"கருப்பா, வேணாம்டா. அம்புட்டுப் பேரும் பாக்குறாக," என்றார், உதடு அசையாமல்.

"பாக்கட்டும்ணே. பாக்கத்தான கொண்டாந்துருக்கேன். வாய வச்சுக் குடிங்க," என்றேன்.

அண்ணாந்து தூக்கப் பார்த்தார். போட்டோக்காரன் கத்தினான். துரை சிரித்துக்கொண்டே அவர் முழங்கையைப் பிடித்துக் கோப்பையை இறக்கி வாய்க்கு நேரே வைத்துவிட்டான். கம்பெனியின் மதுரை ஏஜென்சிக்கு அப்போதே அவர் மனுப் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். துரை முன்னால் மறுக்க அவருக்குத் தைரியமில்லை. குடித்தார். தொண்டை மேலும் கீழும் போனதைப் பார்த்தேன். விளக்கு பளிச்சென்றது. என் வாழ்நாளில் அதைவிட ருசியான ஒரு காட்சியைக் கண்டதில்லை, எனக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை.

5

அதோடு கதை முடிந்தது என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். யுத்தம் வந்தது, கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. ஆத்தா செத்த சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. பிறகு என் சித்தி மகன் வேலை தேடி இங்கே வந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தெரியாமல் வாய்விட்டுவிட்டான்.

பந்தயம் முடிந்து நான் கப்பலேறிய பிறகு, ஆத்தா கண்மாயில் துணி துவைக்கிற பொம்பளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எம்மகன் குடிச்ச மிச்சத்தை அவுக குடிச்சாக என்று. அது ஊருக்குள் போய்விட்டது. தர்மராசு ஆட்கள் அந்தப் படம் வந்திருந்த பத்திரிகையோடு ஊர்ச் சாவடிக்கு வந்து அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். படத்தின் கீழே மிஸ்டர் பெர்ரி என்று இருப்பதை ஒருத்தன் உரக்கப் படித்திருக்கிறான். இது பறங்கித் துரை, ஒம்மகன் அங்க மூட்டை தூக்குறான், எந்த வாயால சொன்னியோ அந்த வாயாலயே மாத்திச் சொல்லு என்றிருக்கிறார்கள். சேரிக்குத் தண்ணீரும் வேலையும் நின்றுபோகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"அது எம்மகன் இல்லீங்க சாமி," என்று சொல்லி, தரையில் விழுந்து கும்பிட்டாளாம்.

அப்போது தர்மராசும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் அவள் என் பெயரையே எடுக்கவில்லையாம்.

ஆகவே, விளம்பர இளவட்டம் போட்டோ கொடுத்த மறுநாள் நானே மாடியேறிப் போனேன். படத்தைத் தாராளமாகப் போடுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றேன். பெரியகருப்பன், வில்லாபுரம் காத்தாயி மகன் என்று போட வேண்டும். அவன் சிரித்தான், அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்றான். நான் நகரவில்லை. என்னை உள்ளே பெரிய அதிகாரியிடம் அனுப்பினான். அவர் நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மதுரை ஏஜெண்டு தர்மராசு, பெர்ரி என்றே இருக்கட்டும் என்று பிரத்தியேகமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். போகும்போது, மகள் படிக்கிறாளாமே, கம்பெனி வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். நான் அசட்டு ஆள் அல்ல, அவர் எதற்கு விசாரித்தார் என்பது புரிந்தது.

வீட்டில் சொன்னேன். செல்லம்மா அழுதாள். ராசாத்தி, பெர்ரி வடிவான பெயர்தானே, ஏன் அப்பா இதுக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டாள். வேலை போனால் வேறு ஸ்டோர் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்லம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்ப முழுசா எழுதுங்க, பாதியில விட்டுறாதிக என்றாள்.

முழுசாகவே எழுதிவிட்டேன். படத்தின் கீழே கம்பெனி என்ன அச்சடித்தாலும் அதன் மேல் நிற்பவன் பெரியகருப்பன். மதுரை ஏஜெண்டு தர்மராசு அவர்கள் துரையும் கலெக்டர் ஆபீசும் பார்க்க, வாய் வைத்து விழுங்கியது என் எச்சிலை. காலண்டரைக் கொடுக்க அவர் உங்கள் கடைக்கு வரும்போது ஒரு கிளாஸ் டீ கொடுத்து உட்கார வைத்து, இது நிஜமா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், சாவடியில் ஒரு கிழவியை விழுந்து கும்பிட வைத்துச் சொல்லச் சொன்னீர்களே, அது அவள் மகன் இல்லை என்று, அதே சொல்லை இப்போது நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொல்லமாட்டார். என் ஆத்தாளைத் தவிர அந்தப் பொய்யைச் சொல்ல வேறு யாருக்கும் நெஞ்சுரம் கிடையாது.